கோல்ஃப் வண்டி

ஃப்ளோரிடாவின் 'தி வில்லேஜஸ்' 55 வயது தாண்டியவர்களுக்காக எழும்பிய ஊர். அங்கே என் மனம் போவது கோல்ஃப் வண்டியிடம்தான். பெயர்தான் கோல்ஃப், பால் வாங்க, பல் டாக்டரைப் பார்க்க, பிக்கிள்பால் ஆட, எல்லாவற்றுக்கும் அதுவே. வேகம் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர். அதற்கென்றே தனிப்பாதை, சாலைக்கு அடியில் சுரங்கம், நெடுஞ்சாலைக்கு மேலே பாலம். மழை வந்தால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் திரையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியது. சிலர் அதைப் பழைய ஃபோர்டு கார் மாதிரி மாற்றி, குரோமைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். கொஞ்சம் அலட்டல்தான், போகட்டும். சாயங்காலம் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி; வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். ஃப்ளோரிடாவில் பெரியவர்கள் இதை ஓட்ட லைசென்ஸ்கூட வேண்டாம், அடையாள அட்டை போதும். காரைக் கைவிட்டவரும் கச்சேரிக்குப் போக மகனையோ மருமகளையோ கெஞ்ச வேண்டியதில்லை.