எட்டுக் கம்பிப் பாமாலை

போன வருஷம் பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் போன் செய்தார். பாங்க் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். சின்ன வயசில் சர்ச் கொயரில் பாடியவர். அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு மாண்டலின் வாங்கி, யூ ட்யூபைக் குருவாக வைத்துக்கொண்டு கற்றுக்கொள்கிறார்.

'அம்மா போயி ஒரு வருஷம் ஆகப்போகுது வே. வீட்ல நினைவு ஜெபம். ஒரு பாட்டு வாசிக்கணும்னு ஆசை. எதை வாசிக்கட்டும்?'

நான் கிறிஸ்தவன் இல்லை. மாண்டலினும் வாசிக்க வராது. ஆனால் இருபது வருஷமாக அமெரிக்கத் தென்மாநிலங்களின் ப்ளூகிராஸ் சங்கீதத்தை, அதிலும் அவர்கள் மாண்டலினை வைத்துக்கொண்டு பாடும் ஞானப்பாட்டுகளைக் கேட்டு வருகிறேன். அது நண்பருக்குத் தெரியும். சாமி கும்பிடாதவன் பக்திப் பாட்டுக்குச் சிபாரிசு செய்யலாமா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். அதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப்போகிறேன். கடைசியில் நான் தோற்றுப்போன கதையும் உண்டு.

மாண்டலின் என்றால் நமக்கு ஸ்ரீநிவாஸ். இந்திப் பட ரசிகர்களுக்கு 1995-ல் கடுகுப் பூக்களின் நடுவே நின்ற ஷாருக் கான். ஸ்ரீநிவாஸ் கையிலிருந்தது எலெக்ட்ரிக் மாண்டலின். ஜோடிக் கம்பிகளை எடுத்துவிட்டு, ஒற்றைக் கம்பிகளாக ஐந்து போட்டு, கமகத்துக்கு வழி செய்துகொண்டார். அமெரிக்க மாண்டலின் அப்படியில்லை. எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக நாலு ஜோடி, வயலினுக்குள்ள அதே சுருதி. கம்பி குட்டை, இழுத்துக் கட்டியது. மீட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம், உடனே தேய ஆரம்பித்துவிடும்.

சிக்கலே இங்கேதான். ஞானப்பாட்டு பைப் ஆர்கனுக்காகவும் நூறு பேர் தொண்டைக்காகவும் பிறந்தது. ஸ்வரங்கள் நீளமாக நிற்க வேண்டும். மாண்டலினிலோ எந்த ஸ்வரமும் நிற்காது. யோசித்தால் இதற்குக் கொஞ்சமும் பொருந்தாத வாத்தியம்.

வாசிக்கிறவர்கள் இரண்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். ஒன்று டிரெமொலோ. மணிக்கட்டைத் தளரவிட்டு, ஒரே ஸ்வரத்தை மேலும் கீழுமாகப் படபடவென்று தட்டி, நீள்வது போல ஒரு மாயை செய்வது. இரண்டாவது, இரண்டு ஜோடிக் கம்பிகளைச் சேர்த்து மீட்டி இரண்டு குரல் பாடுகிற மாதிரி கேட்க வைப்பது. நல்ல வாசிப்பு, மோசமான வாசிப்பு எல்லாம் இந்த இரண்டையும் எங்கே போடுகிறார்கள், எங்கே போடாமல் விடுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஒரு சமயம் மாண்டலினில் ஞானப்பாட்டுகள் என்று ஒரு சிடி வாங்கினேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டு பாட்டு. எல்லா ஸ்வரத்துக்கும் டிரெமொலோ. பின்னால் சிந்தசைசர் வயலின்கள், அதற்கும் பின்னால் கடல் அலை. தப்பு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது, அத்தனை சுத்தமான வாசிப்பு. ஆனால் ஜவுளிக்கடை லிஃப்டில் மாட்டிக்கொண்ட உணர்ச்சி. டிரெமொலோ உப்பு மாதிரி சார். உப்பையே சோறாகப் போடக் கூடாது.

இதற்கு மருந்து வேண்டுமென்றால் பில் மன்றோவைக் கேளுங்கள். 1911-ல் கென்டக்கியில் ரோஸைன் என்ற கிராமத்தில் பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. அண்ணன்கள் ஃபிடிலையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு, யாருக்கும் வேண்டாத மாண்டலினைத் தம்பியிடம் தள்ளினார்கள். அதிலும் சத்தம் அதிகம் வரக்கூடாது என்று நாலு கம்பி மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னார்களாம். அந்தப் பக்கத்துக் கோயில்களில் முக்கோணம், சதுரம் என்று வடிவங்களாக ஸ்வரம் எழுதிப் பாடக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கும். மன்றோவுக்குக் கண் பார்வை சரியில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் காதால் கேட்டே கற்றார்.

1936-ல் அண்ணன் சார்லியோடு சேர்ந்து அவர் பதிவு செய்து பிரபலமான முதல் பாட்டே, 'ஆத்மாவுக்குப் பதிலாக என்ன கொடுப்பாய்?' என்று கேட்கும் ஞானப்பாட்டுதான். பிறகு 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' என்று தன் குழுவை அமைத்தார். மின்னல் வேக பாஞ்சோ, ஃபிடில் எல்லாம் உண்டு. ஞானப்பாட்டு வந்தால் மட்டும் அவற்றை ஓரங்கட்டிவிடுவார். நாலு குரல், ஒரு மாண்டலின், ஒரு கிடார். அவ்வளவுதான். மன்றோ வேகத்துக்குப் பேர் போனவர். அவர் எங்கே அடக்கி வாசித்தார் என்பதை வைத்துத்தான் அவருடைய பக்தியை நான் எடை போடுகிறேன். 1958-ல் வந்த அவருடைய 'ஐ ஸா த லைட்' ஆல்பம் முழுக்க ஞானப்பாட்டுகள். தேடிக் கேளுங்கள்.

அவருடைய கிப்சன் எஃப்-5 மாண்டலின் 1923-ல் செய்தது, உள்ளே லாயிட் லோர் கையெழுத்தோடு. நாற்பதுகளில் ஃப்ளோரிடாவில் ஒரு சலூனில் 150 டாலருக்கு வாங்கினார். இன்றைக்கு அந்தக் கையெழுத்துள்ள மாண்டலின்கள் லட்சம் டாலருக்கு மேல் போகின்றன.

நேர் எதிர் ஆசாமி ஐரா லூவின். அலபாமாக்காரர், லூவின் சகோதரர்களில் மூத்தவர். உச்சஸ்தாயிக் குரல், கையில் மாண்டலின். பாடுவது பாவத்தைப் பற்றியும் மீட்பைப் பற்றியும். மேடையை விட்டு இறங்கினால் குடி. சுருதி நிற்கவில்லை என்று கோபம் வந்தால் மேடையிலேயே மாண்டலினை உடைப்பார். 1959-ல் வந்த 'சாத்தான் இஸ் ரியல்' ஆல்பத்தின் அட்டையில், ப்ளைவுட்டில் வெட்டிய சாத்தானுக்கு முன்னால், எரிகிற நெருப்பின் நடுவே வெள்ளை சூட்டில் சகோதரர்கள் இருவரும் நிற்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். பாட்டைக் கேட்டால் அடங்கிவிடும். எதைப் பார்த்துப் பயப்படுகிறோம் என்று தெரிந்த ஒருவன் பாடுகிற குரல் அது. 1965-ல் கார் விபத்தில் இறந்தபோது வயசு 41. உத்தமர்கள் பாடி நான் கேட்ட எத்தனையோ பாட்டுகளில் இந்த உண்மை இல்லை.

இனி பட்டியல்.

ஒன்று, 'அமேசிங் கிரேஸ்'. எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து பாதிரியார் ஆனவர். எழுதியது 1772-ல். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் பகிரங்கமாகப் புத்தகம் போட்டது 1788-ல்தான். மனசாட்சிக்கும் டிரெமொலோ தேவைப்படும் போலிருக்கிறது. இன்று நாம் கேட்கும் மெட்டு அவருடையது இல்லை. அமெரிக்காவில் 1835-ல் வந்த 'சதர்ன் ஹார்மனி' தொகுப்பில்தான் வார்த்தையும் மெட்டும் கல்யாணம் செய்துகொண்டன. மெட்டில் ஐந்தே ஸ்வரங்கள், நம் மோகனத்தின் அதே ஐந்து. ஆரம்பக்காரருக்குச் சுலபம். உற்சாகத்தில் மோகனம் ஆலாபனைக்குள் போய்விடாதீர்கள். பாட்டு வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டு, 'ஐல் ஃப்ளை அவே'. 1929-ல் ஓக்லஹோமாவில் பருத்தி பறித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட் பிரம்லி என்ற இளைஞனுக்குத் தோன்றியது. அச்சில் வந்தது 1932-ல். சாவைப் பற்றிய பாட்டுதான். ஆனால் கூண்டு திறந்த பறவை மாதிரி சந்தோஷம். இதை வேகமாகத்தான் வாசிக்க வேண்டும். வேகம் பாவம் இல்லை. வேகத்தைக் காட்டுவதுதான் பாவம். 2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தில் அலிசன் க்ராஸும் ஜில்லியன் வெல்ச்சும் பாடியிருப்பதைக் கேட்டால் புரியும்.

மூன்று, 'ப்ரெஷஸ் லார்ட்'. ப்ளூஸ் பியானோக்காரர் தாமஸ் டார்ஸி 1932-ல் எழுதியது. ஊரில் இல்லாத சமயம் மனைவி பிரசவத்தில் இறந்துபோனார், குழந்தையும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பாட்டு. மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகவும் பிடித்தது. 1968-ல் அவருடைய இறுதிச் சடங்கில் மஹேலியா ஜாக்சன் பாடினார். அவர் ஒரு வார்த்தையை இழுக்கும் நேரத்தில் மாண்டலினில் ஒரு வரியே முடிந்துவிடும். அதனால் இதைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வாத்தியத்தின் எல்லையைத் தெரிந்துகொள்வதும் ரசனைதான்.

நான்கு, 'வில் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்'. 1907-ல் வந்த பழைய ஞானப்பாட்டை கார்ட்டர் குடும்பம் மாற்றி எழுதி 1935-ல் பதிவு செய்தது. அவர்களுடைய வடிவத்தில், அம்மாவின் சவ வண்டி போவதை ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறான். 1972-ல் நிட்டி கிரிட்டி டர்ட் பாண்ட் இளைஞர்கள், மேபெல் கார்ட்டர் உள்பட மூத்த கலைஞர்களைக் கூட்டிவைத்துப் பாடிய பதிவும் இருக்கிறது. அம்மாவின் நினைவு நாள், மகன் வாசிக்கிறான். இதைவிடப் பொருத்தம் எது? 'இதுதான், மறு பேச்சு வேண்டாம்' என்று அடிக்கோடிட்டு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து நண்பர் கூப்பிட்டார்.

'பாட்டு நல்லாத்தான் இருக்கு வே. ஆனா எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதே. சித்திக்கெல்லாம் பாமாலைதான் தெரியும். நான் வாசிக்க, அவங்க உக்காந்து வேடிக்கை பாக்கவா?'

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷமாக இந்தப் பாட்டுகளைத் தனியாக, ஹெட்ஃபோனில் கேட்டுவந்தவன் நான். இவை கூட்டமாகப் பாடுவதற்காகப் பிறந்தவை என்று மேலே நானே எழுதியிருக்கிறேன் பாருங்கள். தெரிந்துதான் எழுதினேன். ஆனால் பட்டியல் போடும்போது அந்த ஞாபகம் வரவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது 'வாட் எ ஃப்ரெண்ட் வீ ஹாவ் இன் ஜீசஸ்'. தமிழிலும் பிரசித்தம். ரொம்பப் பழகிய மெட்டு என்று நான் பட்டியலில் சேர்க்காமல் விட்டது. எழுதிய ஜோசஃப் ஸ்க்ரிவன், கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண்ணைத் தண்ணீரில் பறிகொடுத்தவர். கனடாவுக்குப் போய்விட்டார். 1855-ல், அயர்லாந்தில் துன்பத்தில் இருந்த அம்மாவுக்கு ஆறுதலாக இதை எழுதி அனுப்பினார் என்று சொல்வார்கள். மெட்டு போட்டது சார்ல்ஸ் கான்வர்ஸ், 1868-ல். பிள்ளை அம்மாவுக்கு எழுதிய பாட்டு. நண்பருக்கு இந்தக் கதை முன்பே தெரியும். எனக்கும் தெரியும். தோன்றியது அவருக்குத்தான்.

நினைவு ஜெபத்தில் வாசித்ததை யாரோ செல்போனில் பிடித்து அனுப்பினார்கள். டிரெமொலோ நடுங்குகிறது, கலையினால் அல்ல. இரண்டாவது சரணத்தில் விரல் வேறு கம்பிக்குப் போய், வாசிப்பு நின்றுவிட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. சித்திகளும் பேரன் பேத்திகளும் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறார்கள். ஒரு வரி கழித்து மாண்டலின் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது.

விமரிசகனாகக் கேட்டால் நாலு தப்பு சொல்லலாம். அதற்குப் பிறகு ஒன்பது தடவை கேட்டுவிட்டேன். பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்க்க இடமில்லை. மற்றதையெல்லாம் ஒவ்வொரு படி கீழே தள்ளிக்கொள்ளுங்கள்.