அயலொலிப்பு: நாவின் குறையா?

பூப்புப் பருவத்திற்குப் பின் கற்கும் மொழியில் அயலொலிப்பை எளிதில் களைய இயலாது என்றார் எரிக் லென்னபர்க் (1967). மூளை முதிர்ச்சியைக் காரணமாகக் காட்டினார். இவ்விளக்கம் முழுமையுடையதாகத் தோன்றவில்லை.

மைசூரில் கன்னடம் பயிலும், தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரை நோக்குக. கன்னடத்தில் காளியின் பெயரும் காற்றைக் குறிக்கும் சொல்லும் மொழிமுதல் மெய்யின் ஒலிப்பினால் மட்டுமே வேறுபடும். அவரோ இரண்டையும் ஒன்றாகவே கூறுவார். ஆயினும் 'தங்கம்' என்னும்போது அதே ஒலிப்புடை மெய் அவர் நாவில் இயல்பாகப் பிறக்கின்றதே! எனவே குறை நாவினது அன்று. தமிழில் அஃது இடம்பற்றி வரும் மாற்றொலி, பொருளை வேறுபடுத்தாது, ஆதலின் செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. தாய்மொழியின் ஒலியனமைப்பைத் துருபெத்ஸ்கோய் (1939) சல்லடைக்கு ஒப்பிட்டது இங்கு நன்கு பொருந்தும். வயதுக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், வேற்றுமை இணைகளைக் கேட்டுப் பிரித்தறியும் பயிற்சிக்கு முன்பே நாப்பயிற்சியைத் தொடங்கும் பாடத்திட்டம் எவ்வளவு பயனளிக்கும் என்பது ஐயத்திற்குரியதே.