தேநீர்ப் பைத்தியம் பிடித்த பிரபு

ஒரே ஒரு கிண்ணம் தேநீருக்காக இன்னொரு தடவை ஜப்பானுக்கு டிக்கெட் போடச் சொன்னால், இப்போதே கிளம்பிவிடுவேன். டோக்கியோவுக்கோ கியோத்தோவுக்கோ இல்லை. மேற்கே ஷிஞ்சி ஏரிக்கரையில் இருக்கும் மாத்சுவேக்கு! என்னை அப்படி ஆட்டிவைத்தவர் அந்த ஊரை ஆண்ட மாத்சுதைரா ஹருசாத்தோ. 1818-இல் காலமானவர். ஊர்க்காரர்கள் இன்றைக்கும் 'ஃபுமாய்-கோ' என்கிறார்கள். ஃபுமாய் பிரபு என்று அர்த்தம்.

கோட்டை அகழியை ஒட்டி நடந்து, ஒரு மேட்டில் படியேறினால் மெய்மெய்-ஆன். 1779-இல் அவர் ரசனைப்படி கட்டிய தேநீர்க் குடில். பார்த்ததும் 'இவ்வளவுதானா?' என்றிருந்தது. தடித்த புல் கூரை, மண் சுவர். தேநீர் அறையோ இரண்டே முக்கால் பாய் விரிக்கிற இடம்! திரும்பினால் மரங்களுக்கு மேலே அவருடைய கோட்டை. அவ்வளவு பெரிய கோட்டைக்குச் சொந்தக்காரர் இந்தப் பொந்துக்குள் வந்து உட்கார ஆசைப்பட்டிருக்கிறார். அங்கேயே மனுஷரிடம் நான் சரண்டர்!

1767-இல் பட்டத்துக்கு வந்தபோது கஜானாவில் கடன்தான் மிச்சம். செலவைச் சுருக்கி, ஜின்செங் பயிரிட்டு, ஆட்சியைத் தூக்கி நிறுத்தினார்கள். தேநீரில் ஆடம்பரம் கூடாதென்று இளவயதில் கட்டுரையே எழுதியவர் நம்ம பிரபு. கையில் காசு சேர்ந்ததும்? கிஸாயெமோன் என்ற கொரியக் கிண்ணத்துக்கு 550 ரியோ பொற்காசு! அழுத பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றித் தரலாம் போலிருக்கும், கோணல்மாணலான பழுப்புக் கிண்ணம். அதை வைத்திருப்பவருக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் என்று ஒரு வதந்தி. அவருக்கும் கிளம்பியதாம். மனைவி கெஞ்சியும் கொடுக்கவில்லையாம்! இன்று அது கியோத்தோவின் கோஹோ-ஆன் கோயிலில், ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்.

குடிலுக்குப் பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது 'வகாகுசா', பிரபுவுக்குப் பிடித்த இனிப்பு. 'இளம்புல்' என்று பெயர், நிறமும் அப்படியே. மேலே பச்சை மாவு பொரபொரவென்று உதிர, உள்ளே பசையரிசி மாவு அல்வாப் பதத்தில் வழுக்கிக்கொண்டு போனது. அடடா! அது நாக்கில் இருக்கும்போதே தேநீர். சர்க்கரை கிடையாது, பால் கிடையாது. மூங்கில் துடைப்பத்தால் அடித்த பச்சை நுரை. முதல் மிடறு சுருக்கென்று கசந்தது. விழுங்கியதும் நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி, தொண்டையில் ஒரு தித்திப்பு!

கிண்ணத்தை எத்தனை தரம் சுற்றவேண்டும் என்று பரிமாறிய அம்மாவிடம் அரைகுறை ஜப்பானியத்தில் கேட்டேன். சிரித்துவிட்டார். "எப்படி வேண்டுமானாலும் குடியுங்கள். எங்கள் வீட்டில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இதுதான்." பிரபுவின் பைத்தியம் ஊர் முழுக்கத் தொற்றி, அடுப்படிப் பழக்கமாகவே ஆகிவிட்டது! 550 ரியோ கிண்ணத்தைவிட இதுதான் அவர் விட்டுப்போன பெரிய சொத்து என்பேன்.

ஊருக்கென்று இரண்டு பெட்டி வகாகுசா வாங்கினேன். ஒக்கயாமா ரயில் மலையைத் தாண்டுவதற்குள் ஒரு பெட்டி காலி.