பொய்யில் நிற்கும் அமைதி

'ஊரு அமைதி கெட்டுடக் கூடாதுப்பா.' இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த சேரிப் பிள்ளை உண்டா? அடித்தவனும் சொல்லுவான், சமாதானம் பேச வந்தவனும் சொல்லுவான். கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' (2008) முடிவதும் இந்தப் பேச்சில்தான் என்பது என் வாசிப்பு.

செஞ்சியில் கல்லூரித் தம்பிகளோடு இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் சண்டை முடிவில்தான் வரும். 'பேட்மேன் செஞ்சது சரியா தப்பாண்ணா?' என்பார்கள். நகரமே நேர்மையாளனாக நம்பிய அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட், காதலியை இழந்து, பாதி முகம் வெந்து, கொலைகாரனாகிறான். போலீஸ் அதிகாரி கார்டனின் மகனைக் கொல்லப் போகும்போது பேட்மேன் தடுக்கிறான். டென்ட் விழுந்து சாகிறான். அவன் செய்த கொலைகளைப் பேட்மேன் தன் தலையில் போட்டுக்கொள்கிறான். கார்டனும் உடன்படுகிறார். உண்மை தெரிந்தால் சனங்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்களாம்.

நல்லவனா கெட்டவனா என்று தெரியாத முடிவு என்பதால்தான் அறிவாளிகள் இதைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தக் குழப்பத்தோடு சண்டை இல்லை. இந்த முடிவு அதே படத்தின் இன்னொரு காட்சியோடு பொருந்தவில்லை என்பதுதான் பிரச்சினை.

இரண்டு கப்பல். ஒன்றில் நகரத்துச் சனம், மற்றதில் கைதிகள். இரண்டிலும் வெடிகுண்டு. ஒரு கப்பலின் குண்டை வெடிக்கும் விசை மற்ற கப்பலில் இருக்கிறது. 'முந்திக்கிட்டவன் பிழைப்பான்' என்கிறான் ஜோக்கர். யாரும் அழுத்தவில்லை. கைதி ஒருவன் அந்த விசையை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடுகிறான். சமூகம் கழித்துக்கட்டியவன்தான் அங்கே அறத்தைக் காப்பாற்றுகிறான். மரணத்தின் முன்னால் இப்படி நின்ற சனங்களை, கொஞ்ச நேரம் கழித்து 'உண்மையைத் தாங்க மாட்டார்கள்' என்று தீர்மானிப்பது யார்? ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு கோடீஸ்வரனும். அந்தப் பொய் காப்பாற்றுவது சனங்களை அல்ல, சட்டத்தின் முகத்தை.

விலை என்ன என்பதை 'தி டார்க் நைட் ரைசஸ்' (2012) சொல்கிறது. டென்ட் பெயரிலேயே ஒரு சட்டம் வருகிறது. பரோல் இல்லாமல் ஆயிரம் பேர் சிறையில் கிடக்கிறார்கள். தடாவும் பொடாவும் பார்த்த நமக்கு இது கதையாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துச் சனம் குழப்பமான முடிவுக்குப் பழகியது. செஞ்சியை அடுத்த மேலச்சேரியிலிருந்து சுற்று வட்டாரம் முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள். பாரதக் கூத்தில் விடிய விடிய 'கர்ண மோட்சம்' நடக்கும். பிறப்பைச் சொல்லிப் பொன்னுருவி கர்ணனை இழிவு செய்வாள். பார்ப்பான் வேடத்தில் வந்து, சாகக் கிடப்பவனின் புண்ணியத்தையும் கண்ணன் பிடுங்கிக்கொள்வான். படுகளத்தில் விதியை மீறித்தான் துரியோதனன் தொடையில் அடி விழும். சாமி செய்த சூது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே அழுவார்கள், தெரிந்தே கும்பிடுவார்கள். யாரும் நம்பிக்கை இழந்து நாசமாகிவிடவில்லை.

ஆனால் அந்தக் கோயில்களில் நம் இடம் எது? 2023இல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சட்டம் ஒழுங்காம். நீதிமன்றம் போய், 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. கண்ணனின் சூதைச் சபையில் சொல்லிக் கைதட்டத் தெரிந்த ஊருக்கு, தன் சூதைப் பேசினால் மட்டும் அமைதி கெட்டுவிடுகிறது.

அதனால் தம்பிகளுக்கு நான் சொல்வது: பேட்மேன் நல்லவனா கெட்டவனா என்பதை அவன் ரசிகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பொய் சொல்லிக் காப்பாற்றிய அமைதியில் சிறைக்குள் இருந்தது யார், கதவுக்கு வெளியே நின்றது யார் என்று கேளுங்கள். அந்தக் கைதிக்குப் படத்தில் ஒரு பெயர்கூட இல்லை.