குனிந்து பாருங்கள், பிறகு குறை சொல்லுங்கள்

போன்சாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்தில் முதல் பத்து நிமிடம் ஒரே வசனம்தான் கேட்கும்: "ரொம்ப அழகா இருக்கு மேடம்." அதற்கு மேல் சொல்ல ஒன்றும் தோன்றாதபோது தொட்டியைப் புகழ்வார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைப் புகழ்வது மாதிரிதான் அது. மரத்தைக் கொண்டுவந்தவருக்கும் அந்த உள்ளர்த்தம் புரிந்துவிடும்.

யாராவது ஒருவர் மேசைக்கு எதிரே குனிந்து, "இந்தக் கிளை ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்கும்போதுதான் கூட்டம் சூடுபிடிக்கும். புதிதாக வருபவர்கள் இந்த இடத்தில் சங்கடப்பட்டு நெளிவார்கள். நெளியத் தேவையில்லை. போன்சாய் பொழுதுபோக்கில் மிகவும் ருசியான பகுதி இந்த விமர்சனம்தான். ஓவியத்தில் குறை சொன்னால் ஓவியர் அதை அடுத்த ஓவியத்தில்தான் திருத்த முடியும். போன்சாயில் அதே மரம் அடுத்த வருடமும் அதே மேசைக்கு வரும். அதனால் இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு குறையும் "இனி இதை என்ன செய்யலாம்?" என்ற பேச்சாகிவிடுகிறது.

அமெரிக்க போன்சாய் உலகின் பெரியவர் ஜான் நாகா, 'கோஷின்' என்ற தன் ஜூனிபர் தோப்பை 1948-இல் தொடங்கினார். வருடங்கள் போகப் போக மரங்கள் கூடின. கடைசியில் பேரப்பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஈடாகப் பதினோரு மரங்கள். 1984-இல் அது வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தொடங்கிய புதிதில் அதைப் பார்த்து 'சரியில்லை' என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தத் தீர்ப்புக்கு என்ன மதிப்பு? 'இன்னும் என்ன வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அது உதவியிருக்கும்.

முதலில் பார்க்கத் தெரிய வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் எந்தப் போன்சாயும் ஒரு தொட்டிச் செடிதான். மரத்தின் நடு உயரத்துக்கு உங்கள் கண் வரும்படி குனியுங்கள். வேரடியிலிருந்து பார்வையைத் தொடங்குங்கள். வேர்கள் நாலாபுறமும் பரவி மண்ணைப் பற்றியிருக்கின்றனவா, அல்லது தண்டு கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்குகிறதா? அடுத்து அடிமரம். அடி பருத்து மேலே போகப் போகச் சிறுக்கிறதா? அதன் பிறகு கிளைகள், உச்சி. தொட்டி கடைசியில். இலைகளை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, மரத்துக்கு நோய் இருந்தால் ஒழிய. பசுமை கண்ணை ஏமாற்றும். டோக்கியோவின் உவெனோவில் 1934-இலிருந்து நடந்துவரும் கொகுஃபு கண்காட்சி கடுங்குளிரில் நடக்கிறது. இலையுதிர் மரங்கள் அங்கே மொட்டையாகத்தான் நிற்கும், ஒவ்வொரு சிறு கிளையின் குற்றமும் பளிச்சென்று தெரியும். நம் ஊர் ஆல், இச்சி மரங்கள் அப்படி மொத்தமாக மொட்டையாவதில்லை. ஆரோக்கியமான மரத்தில் இலைகளைக் கிள்ளியெடுக்கும் நாள் வருமே, அன்றைக்கு நண்பர்களைக் கூப்பிடுங்கள்.

ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தண்டின் நடுவே ஒரே இடத்திலிருந்து நாலைந்து கிளைகள் சக்கரத்து ஆரம்போலக் கிளம்பியிருக்கின்றன. அந்த இடம் வீங்கி, அதற்குக் கீழே தண்டு ஒல்லியாகத் தெரிகிறது. நர்சரியில் வாங்கிய செடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். "தண்டு நல்லால்ல" என்பது விமர்சனம் அல்ல, புலம்பல். "கிளைகள் ஒரே கணுவில் சேர்ந்ததால் அங்கே மரம் பெருத்துவிட்டது" என்பவர் காரணத்தைத் தொட்டுவிட்டார். பிறகு வழிகள் பிறக்கும். மரம் இளசாக இருந்தால் ஒன்றை விட்டு மற்றக் கிளைகளை எடுத்துவிடலாம். வீக்கத்துக்குக் கீழேயே வெட்டிப் புதுத் தலைமைக் கிளையை வளர்க்கலாம். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: வீங்கிய இடத்திலேயே வளையமாகப் பட்டையை எடுத்து, ஈரத் தேங்காய்நார் வைத்துக் கட்டி விண்பதியம் போடுவது. வேர் பிடித்ததும் வெட்டி நட்டால், குறையாக இருந்த அதே வீக்கம் புது மரத்தின் பருத்த அடியாகிவிடும். ஆல் இனங்கள் இதற்கு மிகவும் ஒத்துழைக்கும். மேசையைச் சுற்றி நின்று இந்த மூன்று வழிகளுக்காகவும் மூன்று பேர் வாதாடுவதைக் கேட்பது தனி சுகம்.

ஆனால் எந்த மரத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். முதல் கிளை மரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வர வேண்டும், தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பவை படித்துக்கொள்ள நல்ல கணக்குகள். பைனையும் ஜூனிபரையும் மனதில் வைத்து உருவான அழகை ஓர் ஆலமரத்திடம் கேட்டால், ஆல் என்ன செய்யும்? ஜூனிபரில் பட்டை உரித்து வெளுத்த மரக்கட்டையைக் காட்டுவது பேரழகு. ஈரக்காற்றடிக்கும் ஊரில் இச்சியில் அதைச் செய்தால் கட்டை உளுத்துப்போகும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வேர்கள் மற்ற மரங்களில் பெருங்குறை. ஆலில் அவை நாளடைவில் ஒட்டி ஒன்றாகிவிடும். தென்னாப்பிரிக்காவில் சார்ல்ஸ் செரோனியோ தங்கள் நாட்டு வேலமரங்களின் குடை விரிப்பைப் பார்த்து, அதை வரைந்த ஓவியர் பியர்னீஃபின் பெயரிலேயே ஒரு போன்சாய் பாணியை முன்வைத்தார். பைனின் சாயல் இல்லாததால் அது போன்சாய் இல்லையென்று ஆகிவிடவில்லை. நம் ஊர் ஆலை, புளியை, விளாவை விமர்சிக்கும் முன் சாலையோரத்தில் நிற்கும் அவற்றின் பெரிய வடிவத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சொல்பவருக்குச் சில வார்த்தைகள். முதல் கேள்வி, "எத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, எப்படிக் கொண்டுபோக நினைக்கிறீங்க?" என்பதாக இருக்கட்டும். கிளைகளை வளைக்க நேற்று கம்பி கட்டிய மரத்துக்கும் இருபது வருட மரத்துக்கும் ஒரே பேச்சு பொருந்தாது. ஒரு கிளை வேண்டாம் என்று தோன்றினால் ஒரு துண்டால் அதை மறைத்துக் காட்டுங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும். யோசனையோடு காலத்தையும் சொல்லுங்கள். "தண்டு ஒல்லி" என்றால், ஆழமில்லாத ட்ரேயில் அது சட்டெனப் பருக்காது, தரையில் நட்டோ அடிக்கிளை ஒன்றை வெட்டாமல் நீள விட்டோ சில வருடம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பேச்சு. இலை மஞ்சளித்து வாடிய மரத்திடம் அழகைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். அதன் மண்ணையும் வேரையும் பற்றி மட்டும் பேசுங்கள். கேட்காமல் பிறர் மரத்தைத் தொடவும் வேண்டாம்.

எந்த மரத்தைக் காட்டினாலும் "பாதிக்கு வெட்டிடுங்க சார்" என்பவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். சில சமயம் அவர் சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் எரிச்சல்.

கேட்பவருக்கு வேலை இன்னும் கடினம். மரத்துக்காக வாதாடத் தொடங்கிவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். மூன்று பேர் மூன்று வைத்தியம் சொல்லலாம். ஆனால் மூவரின் விரலும் ஒரே கிளையை நோக்கி நீண்டால் அங்கே விஷயம் இருக்கிறது. வீட்டுக்குப் போய் அன்றைக்கே வெட்டாதீர்கள். தவறாகக் கட்டிய கம்பியை அவிழ்த்துக்கொள்ளலாம், வெட்டிய கிளையை ஒட்டவைக்க முடியாது. ஒரு வாரம் தினமும் குனிந்து பாருங்கள், செல்போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் அந்தக் கிளை உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றுவது நீங்கள்தானே.

அடுத்த கூட்டத்துக்கு உங்களிடம் உள்ள சிறந்த மரத்தை எடுத்துப் போகாதீர்கள். கண்காட்சி வரும்போது அது போகட்டும். என்ன செய்வதென்று தெரியாமல் மொட்டைமாடி மூலையில் தள்ளிவைத்திருக்கும் அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போங்கள். கத்தரிக்கோலை மட்டும் வீட்டில் விட்டுவிடுங்கள்.