பெரியப்பா: ஆசிரியனற்ற பிரதியின் ஆசிரியன்

2019, 2024 நாடாளுமன்றத் தேர்தல்களின்போது வாட்ஸப் குடும்பக் குழுக்களில் ஒரு பிரதி சுற்றி வந்தது. பட்டியலில் பெயர் இல்லையா, ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின்கீழ் 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டாரா, 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சாவடியில் மறுவாக்குப்பதிவு. மறுப்புகள் வந்தும் அது ஓயவில்லை.

சட்டத்தின் அருகில் வைத்து இதை வாசிப்போம். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்துதல் விதிகளில் 49ஏ என்பது வாக்குப்பதிவு எந்திரத்தின் வடிவமைப்பு பற்றியது. 'சேலஞ்ச்' வருவது 49ஜேயில். அது வாக்காளரின் உரிமையே அல்ல. வந்தவர் இன்னார்தானா என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. டெண்டர் ஓட்டு மட்டும் நிஜம். 2018இல் 'சர்கார்' படம் பிரபலமாக்கிய 49பி அது. 14 சதவீதம் எங்குமே இல்லை. ஆக, குடிமகன்மீது வீசப்படும் சந்தேகத்தை அவனுடைய ஆயுதமாகப் பிரதி தலைகீழாக்குகிறது. ஓட்டைப் பறிகொடுத்தவனின் ஆசையைப் பேசுவதால்தான் அது இனிக்கிறது.

ஆசிரியன் செத்தால் வாசகன் எழுவான் என்பது ரோலான் பார்த்தின் நம்பிக்கை. தொண்ணூறுகளில் நமது சிற்றேடுகள் அதைக் கொண்டாடின. இந்தப் பிரதிக்கு ஆசிரியன் இல்லை. ஆனால் வாசகன் எழவில்லை, பெரியப்பா எழுந்தார். "பெரியப்பா அனுப்பிருக்காரு, பொய்யாவா இருக்கும்?" குழுவுக்குள் வாசிப்பு என்பது மரியாதை, சந்தேகம் என்பது திமிர். நான் ஒருமுறை மறுத்து எழுதினேன். "எம்.ஏ. படிச்சுட்டா பெரியவங்களுக்குப் பாடம் எடுக்கணுமா?" என்று பதில் வந்தது. விதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் வளர்ப்பைப் பற்றிப் பேசினார்கள்.

காரைக்குடிப் பக்கம் இது சின்ன விஷயமல்ல. பூட்டிய வீடுகளின் ஊர் இது. பிழைப்பு சென்னையிலும் கடல் கடந்தும். ஊரில் இல்லாதவன் பெயர் பட்டியலிலிருந்து எளிதில் உதிரும். 2024 ஏப்ரல் 19 அன்று என் உறவினர் ஒருவர் ஆதாருடன் வரிசையில் நின்று, "சேலஞ்ச் ஓட்டு குடுங்க" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். படிவம் 6ஐ நிரப்பித் தந்திருக்க வேண்டிய மாதங்களை அந்தப் பிரதி தின்றிருந்தது. 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் இந்தப் பொய்யின் விலை இன்னும் கூடியிருக்கிறது.

உண்மை சரிபார்ப்பவர்கள் வாசகனை நோக்கிப் பேசுகிறார்கள். குழுவில் இருப்பதோ தம்பிகளும் மருமகள்களும். நமது விமர்சனம் அரசையும் பத்திரிகையையும் கட்டுடைத்தது. 'பெரியவங்க சொன்னா' என்கிற சொல்லாடலைப் பெண்ணியர்கள் தொட்டபோது 'வீட்டு விஷயம்' என்று ஒதுக்கினோம். "பெரியப்பா, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒரு மருமகள் அந்தக் குழுவில் கேட்க முடிகிறதா? நமது அரசியல் வேலை இனி அங்கிருந்தும் தொடங்க வேண்டும்.