கண்ட வெள்ளமும் காணாத முகமும்

பிரேசில் ஓவியர் பெனெடிட்டோ கலிஷ்டோ 1892இல் ஒரு வெள்ளத்தை வரைந்தார். நான்கு மீட்டர் அகலமுள்ள அந்தத் துணியில், தமண்டுவாதெயி ஆறு கரை கடந்து சாவோ பாவ்லோ நகரின் தாழ்நிலத்தை மூடி நிற்கிறது. பின்னாளில் ஆற்றை நேராக்கினார்கள். வெள்ளம் பரவிய சமவெளி பூங்காவானது. ஆறு தன் போக்கில் விரிந்து கிடந்ததைக் காண விரும்புகிறவர் இந்த ஓவியத்திடம்தான் வர வேண்டும். கலிஷ்டோவின் படைப்புகளில் நான் முதலிடம் தருவது இதற்கே.

1853இல் இதன்யயேம் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். புரவலர் உதவியால் 1883இல் பாரிஸ் சென்று ஜூலியன் கலைக்கூடத்தில் பயின்றார். திரும்பும்போது புகைப்படக் கருவியும் உடன் வந்தது. சாண்டோஸ், சாவோ விசென்டே கரைகளை அவர் வரைந்த ஓவியங்களில் பாரிஸின் புதுமை எதுவும் இல்லை. ஈர மணலும் மலைச்சரிவும் உப்புக் காற்றின் மங்கலும் உண்டு. அந்தக் கரையில் வளர்ந்தவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சிக்கல், அவர் காணாததை வரையத் தொடங்கும் இடத்தில் வருகிறது. பாவ்லிஸ்டா அருங்காட்சியகத்தின் இயக்குநர் தவுனே, புகைப்படக்காரர் மிலிடாவோ 1862இல் எடுத்த சாவோ பாவ்லோ நகரப் புகைப்படங்களைப் பார்த்து எண்ணெய் ஓவியங்கள் வரையச் சொன்னார். 1862இல் கலிஷ்டோ ஒன்பது வயதுச் சிறுவன், கடற்கரை ஊரில் இருந்தவர். கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத நிறமெல்லாம் அவருடைய ஊகம். தெருக்களின் அமைப்பைக் காத்துத் தந்தார் என்பதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1903இல் வரைந்த டொமிங்கோஸ் ஜோர்ஜ் வெல்யோவின் உருவத்தை என்னால் அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தப்பியோடிய அடிமைகள் எழுப்பிய பல்மாரெஸ் குடியிருப்பை 1694இல் அழித்த சாவோ பாவ்லோப் படையின் தலைவன் இவன். உயிரோடிருந்தபோது இவனை யாரும் வரைந்ததாகச் சான்று இல்லை. ஆனால் ஓவியத்திலோ நரைத்த தாடியும் உயர்ந்த காலணியும் துப்பாக்கியுமாக, அரசவை ஓவியங்களில் மன்னர்கள் நிற்கும் தோரணையில் நிற்கிறான். இவனை 1697இல் நேரில் கண்ட பெர்னாம்புகோ ஆயர் எழுதிவைத்தது வேறு: போர்த்துகீசியம் சரியாகப் பேச வராமல், மொழிபெயர்ப்பாளரை உடன் அழைத்து வந்த காட்டுமனிதன். ஆயரின் பேச்சிலும் ஏளனம் உண்டுதான். என்றாலும் அவர் கண்ணால் கண்டவர்.

கலிஷ்டோ வெறும் கூலிக்கு வரைந்தவரல்லர். பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, வரலாற்று நூல்களும் எழுதியவர். ஆடையையும் ஆயுதத்தையும் ஆராய்ந்து வரைந்தார். ஆபத்து அந்த உழைப்பில்தான் இருக்கிறது. பொத்தானும் தோல்வாரும் நம்பும்படி இருக்கவே முகத்தையும் நம்பிவிடுகிறோம். வெள்ளத்தை உள்ளபடி வரைந்து சம்பாதித்த நம்பகத்தை, ஒரு கற்பனை வீரனுக்குக் கடன் கொடுத்துவிட்டார். காப்பிச் செல்வத்தில் எழுந்த சாவோ பாவ்லோவின் மேல்தட்டுக்கு அப்போது பெருமைமிக்க மூதாதையர் தேவைப்பட்டார்கள். அந்தத் தேவையைத் தூரிகை கேள்வி கேட்கவில்லை. பாடநூல்கள் அந்த உருவத்தை எடுத்துக்கொண்டன. குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக அதையே அவன் முகம் என்று பார்த்து வளர்ந்தார்கள். பல்மாரெஸில் மடிந்தவர்களுக்கு அவர் தூரிகை அப்படியொரு முகம் தரவில்லை.

ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லமாட்டேன். ஆயர் எழுதியது அதன் பக்கத்திலேயே, அதே அளவு பெரிய எழுத்தில் தொங்க வேண்டும்.